கரும்பு நிலத்துத் தரைப்பந்துகள்: டொமினிக்கன் குடியரசிலிருந்து பயணக் குறிப்புகள்

திங்கள், போக்கா சிக்கா

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 13, 14 வயதுப் பிள்ளைகளின் பேஸ்போல் அணியொன்றுக்கு உதவிப் பயிற்றுநராக இருக்கும் நான், அதே வட்டாரத்துப் பயிற்றுநர்கள் சிலரோடு இங்கே வந்திருப்பது கடலாடுவதற்காக அல்ல. ஒரு கோடியைச் சற்றே தாண்டிய மக்கள் வாழும் இந்த நாடு, மேஜர் லீக் எனப்படும் வட அமெரிக்கப் பெருந்தொடருக்கு ஐக்கிய அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக மிக அதிகமான வீரர்களை அனுப்புகிறது. 1956இல் ஒஸ்ஸி வெர்ஜில் முதல் டொமினிக்கனாக அத்தொடரில் களமிறங்கினார். அன்றிலிருந்து இந்த வரிசை அறுபடவேயில்லை. அந்த வீரர்களின் உடலும் அடிப்படைத் திறனும் எப்படி ஆக்கப்படுகின்றன என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துவதை மட்டும் கொண்டுபோவதே எங்கள் எண்ணம். ரொறன்ரோக்காரருக்கு இந்நாட்டோடு பழைய தொடர்பும் உண்டு. 1980களில் புளூ ஜேஸ் அணிக்காக ஆடிய டோனி பெர்னாண்டஸ், 1987இல் பெருந்தொடரின் இரு பிரிவுகளுள் ஒன்றான அமெரிக்க லீக்கின் மிகச்சிறந்த வீரராகத் தெரிவான ஜோர்ஜ் பெல் ஆகிய இருவரும் இங்கிருந்து கிழக்கே கிடக்கும் சான் பேத்ரோ டே மக்கொரிஸ் நகரத்தவர்கள்.

பெருந்தொடரின் 30 கழகங்களும் இந்நாட்டில் பயிற்சி நிலையம் வைத்திருக்கின்றன. தலைநகர் சாண்டோ டொமிங்கோவிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் கிழக்கே உள்ள போக்கா சிக்காவைச் சுற்றி அவற்றுள் பல நெருக்கமாக அமைந்திருக்கின்றன. இன்று காலை நாங்கள் பார்த்த நிலையத்தில் ஒப்பந்தமான இளைஞர்கள் விடுதியில் தங்கி, காலையில் பயிற்சியும் பிற்பகலில் ஆங்கில வகுப்புமாக இருக்கிறார்கள். காலை உணவு மங்கு எனப்படும் வாழைக்காய் மசியல், பொரித்த பாற்கட்டி, முட்டை. எங்கள் வீட்டு வாழைக்காயை இதுவரை கறியாகவும் பொரியலாகவும் மட்டுமே மதித்துவந்தேன். இனி மசிக்கவும் தயங்கமாட்டேன்.

என்னை முதலில் நிறுத்திப் பார்க்க வைத்தது, பந்தைக் கையில் எடுப்பதற்கு முன் நடந்த வேலை. இடுப்பு மூட்டைத் திறக்கும் நடைகள், பக்கவாட்டுத் தாழ்நடை, ஒற்றைக்கால் சமநிலை, பின்தொடைத் தசைக்கான பயிற்சி, பிறகு பத்துப் பதினைந்து மீற்றர் தூரத்துக்குக் குறுகிய வேக ஓட்டங்கள். ஒரு பயிற்சியிலிருந்து அடுத்ததற்குப் போகையில் யாரும் அவசரப்படவில்லை. ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய மூலைத்தளங்களே பேஸ்கள்; பேஸ்போலில் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 90 அடி, அதாவது 27.43 மீற்றர். ஒரு வீரர் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே இருந்து, திடீரென்று அந்தத் தூரத்துக்கு முழு வேகத்தில் பாய வேண்டும். பின்தொடைத் தசை கிழிவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. எங்கள் அணியில் உடலைச் சூடேற்றுவதென்றால் மைதானத்தை இரண்டு முறை சுற்றி வருவது. இங்கே யாரும் மைதானத்தைச் சுற்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இருவர் இருவராக நின்று பந்தை எறிந்து பிடிப்பது. எங்கள் பிள்ளைகள் கதை பேசிக்கொண்டே செய்யும் அதே வேலைதான். இங்கே அது பாடமாக நடக்கிறது: ஒரு முழங்காலை ஊன்றி மணிக்கட்டாலும் முன்கையாலும் மட்டும் எறிதல், எழுந்து நின்று தோளைத் திருப்பி எறிதல், கால் வைத்து எறிதல், பிறகு படிப்படியாகத் தூரத்தைக் கூட்டுதல். ஒவ்வொரு பந்தும் துணைவரின் மார்புக்கு நேராகப் போக வேண்டும். தவறினால் கத்துவதில்லை, இருவரும் ஓரடி நெருங்கி வந்து மறுபடி தொடங்குகிறார்கள்.

செவ்வாய், சான் பேத்ரோவுக்கு வெளியே

கழகங்களின் நிலையங்கள் ஒப்பந்தமானவர்களுக்கு உரியவை. ஒப்பந்தத்துக்கு முன்னே சிறுவர்களை எடுத்து, உணவும் உறைவிடமும் தந்து பயிற்றுவிப்பவர்கள் தனியார். ஊரில் அவர்களைப் புஸ்கோன் என்கிறார்கள். பையன் ஒப்பந்தமானால் முன்பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குச் சேரும். இவர்களைச் சுரண்டல்காரர்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் நாங்கள் இன்று கண்டவர், வேறு யாரும் சோறு போடாத பிள்ளைகளுக்கு மூன்று வேளை சோறு போடுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

மைதானம் ஒரு மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் இருந்தது. 13 முதல் 15 வயது வரையான பையன்கள், காலை முழுவதும் மூன்றே மூன்று காரியங்களைச் செய்தார்கள். முதலாவது 60 யார் ஓட்டம். இரண்டு பேஸ்களின் தூரம் அது, ஏறத்தாழ 55 மீற்றர்; ஏழு வினாடிக்குள் முடித்தால்தான் கழகங்களின் தேர்வாளர்கள் ஏறெடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாவது, தூரத்திலிருந்து முழு பலத்தோடு எறிவது. ராடார் வேகமானி அதைக் குறிக்கிறது. மூன்றாவது, மெதுவாக வரும் பந்தை முடிந்த அளவு தொலைவுக்கு அடிப்பது. ஓட்டத்தின் முதல் மூன்று எட்டுகளை மட்டும் ஒரு மணி நேரம் பயின்றார்கள். பக்கவாட்டாக நின்று, வலக்காலைத் திறந்து, இடக்காலைக் குறுக்கே வீசித் தொடங்கும் அந்த அசைவு உண்மையிலேயே அழகானது. மட்டையாளர் அடிப்பதற்குக் காத்திராமல் ஓடி அடுத்த பேஸைத் திருடப் புறப்படும் வீரரின் முதல் எட்டும் இதுவேயாதலால், பயிற்சி வீண் என்று சொல்லவும் முடியாது.

ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூடத் தரையில் உருண்டுவரும் பந்தை எடுக்கவில்லை. பேஸில் நிற்கும் ஓட்டக்காரரைப் பார்த்து முடிவெடுக்கும் சூழல் ஒன்றுகூட வரவில்லை. ஏன் என்று கேட்டோம். பயிற்றுநர் மறைக்காமல் பதில் சொன்னார்: தேர்வாளர் வரும் நாளில் கடிகாரமும் வேகமானியும் ஓர் எண்ணைக் காட்டும், அந்த எண்ணுக்குப் பணம் கிடைக்கும், தரைப்பந்தை எடுக்கும் கைக்கு எண் போடும் கருவியை இன்னும் யாரும் கொண்டுவரவில்லை. பையனை ஒப்பந்தமாக்கிவிட்டால் மீதியைக் கழகம் கற்றுத்தரும் என்பது அவருடைய கணக்கு. ஒப்பந்தமாகாத பெரும்பாலான பையன்களுக்கு அந்த மீதியை யார் கற்றுத்தருவார் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இதை எழுதும்போது ஸ்காபரோவையும் நினைத்துக்கொள்கிறேன். எங்கள் பெற்றோர் சிலர் 13 வயது மகனின் எறிவேகத்தை அளந்து காணொளியாகப் பகிர்கிறார்கள். அங்கே வறுமை இல்லை, புஸ்கோன் இல்லை. வேகமானி மட்டும் அப்படியே இருக்கிறது.

புதன், அதே இடம்

இன்று ஜனவரி 15. வெளிநாட்டு இளைஞர்களைக் கழகங்கள் ஒப்பந்தம் செய்யத் தொடங்கும் நாள். முன்பு ஜூலை 2ஆம் திகதியாக இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போய், 2021இலிருந்து ஜனவரியில் நிலைத்துவிட்டது. 16 வயதானவர்கள் கையொப்பமிடலாம் என்பது விதி. அதற்கு வெகுகாலம் முன்பே, 13 வயதளவிலேயே வாய்மொழி உடன்பாடுகள் முடிந்துவிடுகின்றன என்பது இங்கே எல்லோரும் அறிந்த செய்தி. காலையிலிருந்து தெருவில் மோட்டார் சைக்கிள்களின் ஒலிப்பான்களும் உரத்த பாட்டும். பயிற்சி எதுவும் நடக்கவில்லை.

ஒன்றை மட்டும் குறித்துவைக்கிறேன். 13 வயதில் உடன்பாடு முடிந்துவிடுவதென்றால், பையன் 12 வயதிலேயே வளர்ந்தவனைப்போல் எறிந்து காட்ட வேண்டியிருக்கிறது. எலும்பின் வளர்ச்சித்தட்டுகள் மூடாத வயதில் முழங்கையின் உட்புறத்தில் அந்த இழுவிசை விழுகிறது. உடற்தகுதிப் பயிற்சி என்ற பெயரில் என்ன செய்தாலும், எலும்பு முதிரும் காலத்தை அது முன்னுக்கு இழுத்துவராது.

வியாழன், கொன்சுவேலோ

சான் பேத்ரோவுக்கு வடக்கே, கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கும் ஆலை ஊர் கொன்சுவேலோ. ஆங்கிலம் பேசும் சிறு தீவுகளிலிருந்து கரும்பு வெட்டவும் ஆலையில் உழைக்கவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே நிறைய; கொக்கொலோ என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்கள் கொண்டுவந்த விளையாட்டு கிரிக்கெட். பிள்ளைகளின் தலைமுறையில் அது பேஸ்போலாக மாறியது. 1970இல் பெருந்தொடரின் மற்றப் பிரிவான தேசிய லீக்கில் 0.366 என்ற சராசரியோடு (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 366 வெற்றிகரமான அடிகள்) மட்டையாளர்களில் முதலிடம் பெற்ற ரிக்கோ கார்ட்டி இந்த வட்டாரத்தின் பிள்ளை. கிரிக்கெட்டை விட்டு வந்தவன் என்ற முறையில் எனக்கு இந்த ஊரோடு உடனே உறவு பிடித்துவிட்டது.

தெருவில் சிறுவர்கள் விட்டிய்யா ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரிய தண்ணீர்க் குடுவையின் பிளாஸ்டிக் மூடிதான் பந்து. தும்புத்தடிக் கம்புதான் மட்டை. காற்றில் மூடி வளையும், தாழும், கடைசி நேரத்தில் விலகும். மெல்லிய கம்பால் அதைத் தொடுவதற்குக் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்தாக வேண்டும். பெருந்தொடரில் மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை ஏறத்தாழ 0.4 வினாடியில் அடைகிறது. அதற்கான கண் இங்கே எந்தப் பயிற்றுநரும் இல்லாமலேயே பழகிவிடுகிறது. இதை ஒரு பயிற்சியாக்கி, நேரம் குறித்து, சீட்டி ஊதி நடத்தினால் அதிலுள்ள நல்லது பாதி போய்விடும் என்று தோன்றுகிறது.

பிற்பகலில்தான் நான் தேடிவந்ததைக் கண்டேன். ஊர் மைதானத்தில் ஒரு முதிய பயிற்றுநர், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களை வரிசையாக நிறுத்தி, நீண்ட மெல்லிய பயிற்சி மட்டையால் தரைப்பந்துகளை அடித்துக்கொண்டிருந்தார். தரை சீரில்லாதது, கல்லும் புற்கட்டியும் பந்தை எந்தப் பக்கமும் துள்ளவைக்கும். முதலில் கையுறையே இல்லை. சிறுவர்கள் முழங்காலில் நின்று, அவர் கையால் உருட்டிவிட்ட பந்தை வெறுங்கைகளால் வாங்கினார்கள். பிறகு எழுந்து நின்று, உள்ளங்கை அளவான தட்டைப் பலகை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டார்கள். பலகையில் பந்து தங்காது. இரண்டு கைகளும் சேர்ந்து வந்தால்தான் பிடிக்க முடியும். கடைசியாகத்தான் கையுறை.

அவர் கைகளைப் பற்றி அதிகம் பேசவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து மட்டையில் படும் கணத்தில் சிறு துள்ளலோடு இரு பாதங்களும் தரையில் இறங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் எந்தப் பக்கமும் கிளம்ப முடியும். பந்து வரும்வரை காத்திராமல் அதன் சற்று வலப்புறமாகச் சென்று, இடக்கண்ணுக்கு நேரே அதை வாங்க வேண்டும்; வலப்புறமாகச் செல்வதால் உடல் ஏற்கெனவே முதலாம் பேஸை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். குனிவது முழங்காலையும் இடுப்பு மூட்டையும் மடித்து. எங்கள் பிள்ளைகளோ நாற்று நடுபவர்களைப் போல முதுகை வளைத்துக் கால்களை நிமிர்த்தி நிற்பார்கள்; அந்த நிலையில் பந்து துள்ளினால் முகத்தில்தான் படும். கையுறை தரையிலிருந்து மேலே வரலாம், மேலிருந்து தரைக்குப் போகும்போது பந்து கால்களுக்கிடையே கடந்துவிட்டிருக்கும் என்பதால், விரல் நுனிகள் முதலிலேயே மண்ணைத் தொட்டிருக்க வேண்டும். வாங்கிய பந்தை வயிற்றருகே இழுத்து, அங்கிருந்தே எறியும் கையால் தையல்களுக்குக் குறுக்கே விரல் வைத்துப் பிடித்து, வலப்பாதத்தை இலக்குக்குக் குறுக்காக வைத்து எறிவது. இவ்வளவும் ஒரே ஓட்டமான அசைவு.

திங்கட்கிழமை கண்ட பக்கவாட்டுத் தாழ்நடைக்கும் இடுப்பு மூட்டுப் பயிற்சிக்கும் பொருள் இங்கேதான் விளங்கியது. இடுப்பு மடங்காத பையனுக்குக் கையுறையைத் தாழ்த்து என்று நூறு முறை சொன்னாலும் பயனில்லை. அவனால் தாழ முடியாது. உடற்தகுதியை ஒரு நாளும் திறன்களை வேறொரு நாளும் என்று எங்கள் நிரலில் பிரித்துவைத்திருப்பது, இரண்டையும் கெடுக்கும் ஏற்பாடு. எங்களோடு வந்த பயிற்றுநர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வாரத்துக்கு இரண்டு மாலைகள் மட்டுமே உள்ளரங்குக் கூடம் கிடைக்கும்போது பிரித்து வைப்பதே நடைமுறைக்கு உகந்தது என்கிறார். இரவு உணவுவரை வாதம் நடந்தது.

முதியவர் ஒரு சிறுவனுக்கு ஏறத்தாழ இருபது பந்துகள் அடித்தபின் நிறுத்திவிடுகிறார். களைத்த கால் நிமிரத் தொடங்கும். நிமிர்ந்த காலோடு எடுக்கும் பந்து தவறான பழக்கத்தை ஏற்றும் என்பது அவர் சொன்ன காரணம். சான் பேத்ரோவில் பிறந்து, 1986 முதல் 1989 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் சிறந்த களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது பெற்ற டோனி பெர்னாண்டஸைப் பற்றிக் கேட்டபோது, அவர் எழுந்து நின்று, ஓடியபடியே இடுப்புக்குக் கீழிருந்து பந்தைத் தட்டிவிடும் அந்த எறிதலை வெறுங்கையால் செய்து காட்டினார். சிறுவர்களில் யாருக்கும் பெர்னாண்டஸைத் தெரியவில்லை. அசைவை மட்டும் எல்லோரும் உடனே செய்து பார்த்தார்கள்.

வெள்ளி, போக்கா சிக்கா

இன்று முழுவதும், மட்டையாளருக்குப் பந்து எறியும் எறிவீரர்களின் கை. எறியும் மேட்டின் உயரம் 1969இலிருந்து 10 அங்குலம். அங்கிருந்து மட்டையாளர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டுக்கு 60 அடி 6 அங்குலம். அந்தத் தூரத்துக்கு ஆட்டமொன்றில் நூறு பந்து எறியும் கைக்கு என்ன நேர்கிறது என்பது பழைய கதை: 1974இல் மருத்துவர் பிராங்க் ஜோப், எறிவீரர் டொமி ஜோனின் முழங்கைத் தசைநாரை மறுகட்டமைத்தார், அந்த அறுவைச் சிகிச்சை இன்று அந்த வீரரின் பெயராலேயே வழங்குகிறது. இப்போது பள்ளி மாணவர்களுக்கும் அது செய்யப்படுகிறது என்பதுதான் கவலை. அலபாமாவிலுள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தினர் பத்து ஆண்டுகள் இளம் எறிவீரர்களைத் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்கள் கடுமையான காயமடையும் வாய்ப்பு 3.5 மடங்கு என்று கண்டார்கள். 2014இல் பெருந்தொடரும் அமெரிக்க பேஸ்போல் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, 13, 14 வயதினருக்கு ஒரு நாளில் 95 பந்துகளே உச்சம் என்றும், 66 பந்துகளை எட்டினால் நான்கு நாள் ஓய்வு என்றும், ஆண்டில் நான்கு மாதங்கள் எறியாமலிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கனடாவின் பனி அந்த நான்கு மாதங்களை எங்களுக்கு இலவசமாகத் தந்திருந்தது; உள்ளரங்குக் கூடங்களைக் கட்டி நாங்களே அதைக் கைவிட்டோம்.

நிலையத்தில் எறிவதற்கு முன் ரப்பர்ப் பட்டிகளால் தோளின் பின்புறத் தசைகளையும் தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளையும் வேலை வாங்குகிறார்கள். கையை வேகமாக்குவது முன்புறத் தசை என்றால், பந்து போனபின் அதே கையைத் தடுத்து நிறுத்துவது பின்புறத் தசை. தடுப்பு பலமில்லாத வண்டியை வேகமாக ஓட்டக்கூடாது. பாரப்பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிதல், ஒற்றைக்காலில் இறங்கி எழுதல் ஆகியவை அடுத்து வந்தன. மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நெடுநேரம் ஓடவைக்கும் பழைய வழக்கத்தை இங்கே குறைத்துவிட்டார்கள். எறிதல் என்பது இரண்டு வினாடி வெடிப்பு. 2023இலிருந்து பெருந்தொடரில் பேஸ்கள் காலியாக இருக்கையில் அடுத்த பந்துக்கு 15 வினாடிகளே உண்டு. குறுகிய வேக ஓட்டமும் குறுகிய ஓய்வும் அதற்கு ஒத்துப்போகின்றன. நெடுந்தூர ஓட்டத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே பயன், பயிற்றுநர் சற்று உட்கார்ந்திருக்கலாம் என்பதே.

சனி

மழை. மைதானங்களில் தண்ணீர். குவாகுவா எனப்படும் சிற்றூர்தியில் தலைநகருக்குத் திரும்பினோம்.

ஞாயிறு, சாண்டோ டொமிங்கோ

குளிர்காலத் தொடரின் ஆட்டத்தைப் பார்க்க, லிசே, எஸ்கொகிடோ என்னும் தலைநகர் அணிகள் இரண்டும் சொந்தக் களமாகக் கொண்ட கிஸ்கேயா மைதானத்துக்குப் போனோம். 1955இல் திறக்கப்பட்ட இம்மைதானம் இன்று இந்நாட்டின் புகழ்பெற்ற எறிவீரர் ஹுவான் மரிச்சாலின் பெயரைத் தாங்குகிறது. ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே போனது, பேஸ்களை ஒட்டி நிற்பவர்களின் உட்களப் பயிற்சியைப் பார்க்கத்தான். பெருந்தொடரில் ஆடும் வீரர் ஒருவர் முழங்காலில் நின்று, தட்டைப் பலகையோடு, உருட்டிவிட்ட பந்துகளை வாங்கிக்கொண்டிருந்தார். கொன்சுவேலோவின் பத்து வயதுச் சிறுவர்கள் செய்த அதே பாடம், அதே வரிசை. ஆட்டத்தைப் பற்றி எழுத இடமில்லை. மேளமும் கூச்சலும் நடு இரவுவரை காதில் இருந்தன.

விடுதிக்கு வந்து எங்கள் கூடத்து மாலைகளுக்கான நிரலை மாற்றி எழுதினோம். கூடத்தைச் சுற்றி ஓடுவது நீக்கம். பக்கவாட்டுத் தாழ்நடை முடிந்த உடனே, இளைப்பாறாமல், அதே இடுப்பு நிலையில் வெறுங்கைத் தரைப்பந்து, பிறகு பலகை, பிறகு கையுறை. மரத்தரையில் பந்து சீராக வருமாதலால், துள்ளலுக்காகப் பழைய யோகாப் பாய்களை மடித்துக் கீழே போடப்போகிறோம். எறிந்து பிடிக்கும் நேரத்தில் கதை பேசுபவர்கள் ஓரடி நெருங்கி வருவார்கள். பங்குனி வரை மேட்டிலிருந்து எறிவது கிடையாது. ரப்பர்ப் பட்டி உண்டு. வியாழக்கிழமை என்னோடு வாதிட்ட நண்பர், இரண்டு மாலைகளில் ஒன்றை மட்டும் இப்படி நடத்திப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.

பெற்றோர் வேகமானியைக் கேட்பார்கள். அதற்குப் பதிலாக நிறுத்தற் கடிகாரத்தைக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. பெருந்தொடரில் வலக்கை மட்டையாளர் முதலாம் பேஸை அடைய ஏறத்தாழ 4.3 வினாடிகள் ஆகின்றன. உட்களத்தவர் பந்தை எடுத்து எறிவது அதற்குள் முடிய வேண்டும். மட்டையில் பந்து பட்ட ஒலியிலிருந்து முதலாம் பேஸ்காரரின் கையுறையில் அது விழும் ஒலிவரை அளந்தால், காலும் கையும் தோளும் சேர்ந்த ஓர் எண் கிடைக்கும். பந்து நழுவினால் எண்ணே கிடைக்காது. எங்கள் வயதுப் பிரிவுக்கு அந்த எண் என்னவாக இருக்க வேண்டும் என்பதைச் சித்திரையில் வெளி மைதானம் திறந்ததும் அளந்துபார்த்து எழுதுகிறேன்.